இருபதுக்கு ஓட்டம்: போர்தோ அருகே ஓர் ஐந்தாம் வகுப்பும் வகுத்தல் கணக்கும்

நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு விளையாட்டு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பரமபதக் கட்டம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கணக்கு எழுதியிருக்கும். தாயம் உருட்டி, காய் போய் நிற்கும் கட்டத்தில் உள்ள 48 ÷ 6-க்கு விடை சொன்னால் அங்கேயே இருக்கலாம். சொல்லாவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகள் உற்சாகமாக ஆடுவார்கள். ஆனால் கொஞ்சம் உற்றுக் கவனித்தால், அவர்கள் ஆடுவது தாயம். கணக்கு என்பது வழியில் கட்டிவிட்டுப் போகவேண்டிய சுங்கம். வகுத்தல் நன்றாகத் தெரிந்த பிள்ளை பாம்பு கடித்துக் கீழே வரலாம், சுமாராகத் தெரிந்த பிள்ளை ஏணி ஏறிப் போய்விடலாம். ஜெயிப்பதற்கும் வகுத்தலுக்கும் பெரிய உறவு எதுவும் இல்லை.

வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு அது போதும். புதிதாக ஒன்றைப் புரியவைக்க அது போதாது என்பது என் உறுதியான கருத்து. புரியவைக்கும் விளையாட்டு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குக் காட்ட நல்ல சான்று ஒன்று இருக்கிறது. பிரான்சில் 1970-களிலிருந்து ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்பட்ட ‘இருபதுக்கு ஓட்டம்’ என்ற சின்ன விளையாட்டு அது. தாயம் வேண்டாம், அட்டை வேண்டாம், செலவே கிடையாது. அது வகுப்பறையில் எப்படி நடத்தப்பட்டது, அதில் கணக்கு எந்த இடத்தில் நுழைகிறது, ஆசிரியர் எங்கே பேசினார், எங்கே வாயை மூடிக்கொண்டார் என்பதெல்லாம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

இதன் பின்னால் இருந்தவர் கி புரூஸோ. 1933-இல் மொராக்கோவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். தொடக்கப்பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் மனைவி நதீனும் ஆசிரியை. புரூஸோவின் யோசனைகளை வகுப்பில் நின்று நடத்திக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். போர்தோ நகரத்தை ஒட்டிய தலான்ஸ் என்ற ஊரில் ஜூல் மிஷ்லே பள்ளி இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளியோடு இணைத்து, கணிதம் கற்பிப்பதைக் கவனித்து ஆராய ஒரு மையம் அமைக்கப்பட்டது. கோரெம் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி அது கிடையாது. சாதாரணப் பிள்ளைகள், வழக்கமான பாடத்திட்டம். கூடுதலாக இருந்தது, சில பாடங்களை ஆய்வாளர்கள் உட்கார்ந்து கவனித்துப் பதிவு செய்யும் ஏற்பாடு. 1999 வரை அது நடந்தது. அங்கே சேர்ந்த பாடக் குறிப்புகளும் பிள்ளைகள் எழுதிய தாள்களும் இப்போது ஸ்பெயினின் காஸ்தெயோன் நகரப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2003-இல் சர்வதேசக் கணிதக் கல்வி அமைப்பு ஃபெலிக்ஸ் கிளைன் பதக்கத்தை முதல்முறையாக வழங்கியபோது அதைப் பெற்றவர் புரூஸோதான்.

விளையாட்டுக்குப் போகும் முன், அந்தக் காலத்தில் பிரான்சையே திகைக்க வைத்த ஒரு சின்னச் சோதனையைச் சொல்ல வேண்டும். கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள், ஏழு முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கொடுத்தார்கள். ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?’ 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. வாத்தியார் கணக்குக் கொடுத்தால் அதில் விடை இருக்கும், கொடுத்த எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பள்ளியில் பழகியிருக்கிறார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே வாய்விட்டுச் சொல்லாத இந்த உடன்பாட்டை புரூஸோ ‘கற்பித்தல் ஒப்பந்தம்’ என்று அழைத்தார். பிள்ளை கணக்கைப் பார்ப்பதில்லை. டீச்சரின் முகத்தைப் பார்க்கிறது. அந்த முகத்தைப் பார்த்து எந்த விடையும் தெரியவராத ஒரு சூழலை உண்டாக்க முடியுமா என்பதுதான் அவருடைய தேடல். விளையாட்டு அங்கேதான் வருகிறது.

ஆட்டமும் அதன் விதியும்

இரண்டு பேர் ஆட வேண்டும். முதலில் ஆடுபவர் 1 அல்லது 2 சொல்லலாம். அதற்கப்புறம் மாறி மாறி, எதிராளி சொன்ன எண்ணோடு ஒன்றையோ இரண்டையோ கூட்டிச் சொல்ல வேண்டும். 20 என்று சொல்பவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விதி.

ஒரு ஆட்டம் இப்படிப் போகலாம்: 2, 3, 5, 6, 7, 9, 10, 12, 14, 15, 17, 18, 20. முதல் ஆட்டக்காரர் ஜெயித்துவிட்டார். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு பேரும் மாறி மாறி ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள். அது ஆடியவர்களுக்கும் தெரியாது, வேடிக்கை பார்த்தவர்களுக்கும் தெரியாது.

தலான்ஸில் இதைப் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில், அதாவது நம் ஐந்தாம் வகுப்புக்குச் சமமான வகுப்பில் நடத்தினார்கள். ஆசிரியர் விதியைச் சொல்லி, கரும்பலகையில் ஒரு பிள்ளையோடு ஆடத் தொடங்குகிறார். ஆட்டம் புரிந்ததும் தன் இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார். அடுத்து, பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒரு தாளில் எண்களை எழுதியபடி ஆடுகிறார்கள். இதற்கு ஏறக்குறைய பத்து நிமிடம்.

இந்தப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் ஒன்று நடக்கிறது. முதல் ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு எண் சொன்ன பிள்ளை, மூன்றாவது ஆட்டத்தில் 15, 16 வந்ததும் நிதானிக்கிறது. 18 சொன்னால் போச்சு, 19 சொன்னாலும் போச்சு, 17 நம் கைக்கு வந்தால் நல்லது என்று கைக்குத் தெரிகிறது. கேட்டால் சொல்லத் தெரியாது. ‘ஏன் 17 சொன்னே?’ என்றால் ‘சும்மாதான்’ என்று பதில் வரும். செய்யத் தெரிந்து சொல்லத் தெரியாத இந்த நிலையை புரூஸோ மதித்தார். அறிவு முதலில் இப்படித்தான், செயலில் ஒளிந்துகொண்டு வருகிறது என்பது அவர் வாதம். நாமோ இந்த இடத்தில் பொறுமையிழந்து விளக்கத் தொடங்கிவிடுவோம்.

அணி பிரித்த பிறகு

இரண்டாவது கட்டத்தில் வகுப்பு இரண்டு அணியாகப் பிரிகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அணிக்கு ஒருவர் கரும்பலகைக்கு வருகிறார். யார் வருவது என்பது குலுக்கலில் முடிவாகும். பலகையில் நிற்கும்போது அணிக்காரர்கள் குரல் கொடுக்கக் கூடாது. ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும் கூடிப் பேசிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் இருக்கும் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. குலுக்கலில் யார் பெயர் வேண்டுமானாலும் வரலாம் என்பதால், கெட்டிக்காரப் பிள்ளை தன் கண்டுபிடிப்பைப் பொத்தி வைத்துக்கொள்ள முடியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது புரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அணி தோற்கும். ஆகவே பேச வேண்டியிருக்கிறது. ‘17 நாம சொல்லணும், விட்டுடாதே’ என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும் அந்த நொடியில், கையில் மட்டும் இருந்த அறிவு வார்த்தைக்கு வருகிறது. ‘உன் வழிமுறையை விளக்கிச் சொல்’ என்று ஆசிரியர் கேட்கத் தேவையில்லை. விளக்காவிட்டால் ஜெயிக்க முடியாது என்று ஆட்டமே கேட்கிறது. நல்லாச் சொல்லவில்லை என்றால் அதற்கு மதிப்பெண் குறைவதில்லை. தன் ஆள் பலகையில் தப்பாக ஆடுவதைக் கண்ணெதிரே பார்க்க நேரிடும், அவ்வளவுதான். அடுத்த இடைவெளியில் அந்தப் பிள்ளை இன்னும் தெளிவாகச் சொல்லும்.

கால் மணி முதல் இருபது நிமிடம் வரை இது நடக்கும். 17 பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். 14 சிலருக்குத் தெரியத் தொடங்கும்.

‘நிரூபி பார்க்கலாம்’

மூன்றாவது கட்டம்தான் இந்தப் பாடத்தின் உயிர். இப்போது ஆட்டம் மாறுகிறது. ஒவ்வொரு அணியும் ஜெயிக்கும் வழி பற்றித் தான் கண்டுபிடித்த ஒன்றை அறிவிக்க வேண்டும். ஆசிரியர் அதைப் பலகையில் எழுதுவார். சரியா தவறா என்று அவர் சொல்லமாட்டார். எதிரணிதான் ஏற்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். ஏற்கப்பட்டால் சொன்ன அணிக்குப் புள்ளி. தவறு என்று எதிரணி நிரூபித்துவிட்டால் அவர்களுக்குக் கூடுதல் புள்ளி.

‘17 சொன்னால் ஜெயிக்கலாம்’ என்று ஒரு அணி அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரணியில் ஒருவன் எழுந்து ‘பொய். நான் 17 சொல்லித் தோற்றேன்’ என்கிறான். உண்மையில் தோற்றிருப்பான். 17 சொன்னான், எதிராளி 18 என்றான், இவன் அவசரத்தில் 19 சொல்லிவிட்டான். இப்போது வகுப்பு ஒரு முக்கியமான இடத்தில் நிற்கிறது. 17 சொன்னால் எப்போதும் ஜெயிப்போமா, அல்லது ஜெயிக்க வழி இருக்குமா? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கணிதத்தின் அடிமடியில் இருக்கும் விஷயம். பத்து வயதுப் பிள்ளைகள் அதற்காகச் சண்டை போடுகிறார்கள். ‘நீ 18 சொன்னா நான் ரெண்டு கூட்டி 20. நீ 19 சொன்னா நான் ஒன்னு கூட்டி 20. வேற எதை நீ சொல்ல முடியும்?’ இந்த மூன்று வாக்கியம் ஒரு நிறுவல். முழுமையான, குறையில்லாத நிறுவல்.

சிலர் இதை ஏற்காமல், ‘ஆடிப் பார்க்கலாம் வா’ என்பார்கள். ஆடலாம். ஜெயித்தும் விடலாம். ஆனால் ஒருமுறை ஜெயித்தது எப்போதும் ஜெயிப்போம் என்பதற்குச் சான்றாகாது என்று எதிரணி கத்தும். ஆடிக் காட்டுவதற்கும் காரணம் காட்டுவதற்கும் உள்ள இடைவெளியை நாம் எட்டாம் வகுப்பு வடிவியலில் ‘நிரூபணம்’ என்று தலைப்பிட்டு நடத்தும்போது பாதிப் பிள்ளைகளுக்கு எதற்கு இது என்றே விளங்குவதில்லை. இங்கே அது தேவையாகவே வந்து நிற்கிறது.

அப்புறம் ஒரு பெரிய தாவல் நடக்கும். 17 கையில் வந்தால் ஜெயிப்பு உறுதி என்றால், இனி 20-ஐப் பற்றிக் கவலை எதற்கு? ஆட்டம் 17-க்கான ஓட்டமாகிவிட்டது. 17-க்கு 14, 14-க்கு 11. முதலில் சொன்ன ஆட்ட வரிசையை இப்போது திரும்பிப் பாருங்கள். முதல் ஆட்டக்காரர் 6-க்குப் பின் 8 சொல்லியிருக்கலாம், 7 என்றார். அடுத்தவர் அந்த 8-ஐப் பிடித்திருக்கலாம், 9 என்றார். 11-ஐயும் இரண்டு பேரும் ஒவ்வொரு முறை தாண்டிப் போனார்கள். கடைசியில் 14-ஐ யார் சொன்னாரோ அவர் ஜெயித்தார். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 20, 17, 14, 11, 8, 5, 2. முதலில் ஆடுபவர் 2 சொல்லி, இந்தப் படிகளை விடாமல் பிடித்தால் அவரைத் தோற்கடிக்கவே முடியாது. எதிராளி 1 கூட்டினால் இவர் 2, அவர் 2 கூட்டினால் இவர் 1. இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் 3 நகர்கிறார்கள்.

வகுத்தல் எங்கே இருக்கிறது

இவ்வளவு நேரம் கழித்தலும் கூட்டலும்தான் நடந்தது போலத் தெரியும். 20-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 6, மீதி 2. அந்த மீதி 2-தான் முதலில் சொல்லவேண்டிய எண்.

அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே வகுத்தல் படித்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த வகுத்தல் பங்கு போடுவது: இருபது மாம்பழத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஆறு, இரண்டு மிச்சம். இந்த ஆட்டத்தில் யாரும் எதையும் பங்கு போடுவதில்லை. வகுத்தலைப் பங்கீட்டிலிருந்து பிரித்தெடுத்து, வேறொரு பொருளில் சந்திக்க வைக்க வேண்டும் என்றே புரூஸோ இதைத் தேர்ந்தெடுத்தார். நம் வகுப்புகளில் மீதி என்பது ஓரத்தில் எழுதிவிட்டு மறந்துபோகிற எண். இங்கே ஆட்டமே அதன் கையில் இருக்கிறது.

20 சின்ன எண் என்பதால் பின்னாலிருந்து மூன்று மூன்றாகக் கழித்தே 2-க்கு வந்துவிடலாம். அதனால் எண்ணைப் பெரிதாக்க வேண்டும். ஒரு முறைக்கு 1 முதல் 10 வரை எதை வேண்டுமானாலும் கூட்டலாம், 100 சொல்பவர் ஜெயித்தார் என்று வையுங்கள். சுற்றுக்கு 11. 100-ஐ 11-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 1. ஆகவே 1, 12, 23, 34 என்று பிடித்துக்கொண்டே போய் 89-இல் நின்றால் முடிந்தது. இந்த 100-க்கான ஆட்டம் புதிதல்ல. பாஷே என்ற பிரெஞ்சுக் கணிதர் 1612-இல் வெளியிட்ட புதிர்களிலேயே இது இருக்கிறது. நானூறு வருடப் பழைய புதிரை வகுத்தல் பாடமாக மாற்றியதும், அதை மூன்று கட்டமாக அடுக்கியதும் புரூஸோவின் வேலை.

ஆசிரியரின் வாய்

‘ஆசிரியர் பேசவில்லை’ என்று பலமுறை எழுதிவிட்டேன். அது எவ்வளவு கடினம் என்பது வகுப்பெடுப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளை தடுமாறும்போது நாம் ‘பதினே...?’ என்று இழுப்போம். வகுப்பு முழுக்க ‘ழு!’ என்று முடித்துவைக்கும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் பிள்ளைகள் முடித்தது ஒரு சொல்லை. கணக்கை நாம் முடித்துவிட்டோம். இதற்கு புரூஸோ ஒரு பெயரே வைத்திருந்தார்: தோப்பாஸ் விளைவு. ஒரு பிரெஞ்சு நாடகத்தில் வரும் ஆசிரியரின் பெயர் அது. சொல்வதெழுதல் நடத்தும்போது, எழுத்தை விட்டுவிடப்போகும் மாணவனுக்காக அந்த எழுத்தை அழுத்தி அழுத்தி உச்சரிப்பார். விடை சரியாக வரும், கற்க வேண்டியது காணாமல் போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டு, ஆசிரியர் கடைசிவரை பேசாமலே இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினால் அது பெரிய தவறு. தலான்ஸிலேயே இது தெரியவந்தது. விளையாட்டுச் சூழல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டால் கற்றல் தானாக நடந்துவிடும் என்றுதான் ஆய்வாளர்கள் முதலில் நினைத்தார்கள். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒரு கட்டத்தில், அடுத்த பாடத்துக்குப் போகும் முன் எங்களுக்கு ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நடந்தது என்ன, இதில் எது பாடம், எதை நினைவில் வைக்க வேண்டும், புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்றார்கள். ஆய்வாளர்களுக்கு அதன் அவசியம் விளங்கச் சில காலம் ஆனது. பிறகு அதையே கோட்பாட்டின் நான்காவது கட்டமாகச் சேர்த்துக்கொண்டார் புரூஸோ. ஆசிரியர்கள் ஆய்வாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த இடம் இது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் மதிப்பு வருவது இங்கேதான்.

இந்தக் கட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மோய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கே, எஸ்தர் டுஃப்லோ முதலான ஆய்வாளர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து டெல்லியில் 214 மழலையர் வகுப்புகளில் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அளவு, எண்ணிக்கை, வடிவம் பற்றிய கணித விளையாட்டுகளைக் குழந்தைகள் நான்கு மாதம் ஆடினார்கள். புள்ளிக் கூட்டங்களை ஒப்பிடுவது போன்ற உள்ளுணர்வுத் திறன் வளர்ந்தது. ஒரு வருடத்துக்குப் பின்னும் நிலைத்தது. ஆனால் தொடக்கப்பள்ளியில் எண்ணும் குறியும் வைத்துச் செய்யும் கணக்கில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. விளையாட்டிலிருந்து நோட்டுக்குப் பாலம் தானாக விழுவதில்லை. வயது வேறு, விளையாட்டு வேறு என்றாலும், ஆடி முடித்த கையோடு பெயரும் குறியும் சொல்லிக்கொடுக்கும் அந்த நான்காவது கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது என்று என்னை நம்பவைத்தது இந்த ஆய்வுதான்.

இருபதுக்கு ஓட்டத்தில் அந்தக் கட்டம் இப்படி இருக்கும்: 20 = 3 × 6 + 2 என்று பலகையில் எழுதி, 3 எங்கிருந்து வந்தது, 6 என்றால் எத்தனை சுற்று, 2 ஏன் முதல் எண் என்று பிள்ளைகளையே சொல்ல வைத்து, நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்வது.

நான்கு ஏழானால்

தலான்ஸின் அதே பள்ளியில் அதே வகுப்புக்காக உருவான இன்னொரு பாடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கட்டுரை முழுமையாகும். இதில் எதிராளியே கிடையாது, காகிதம் மட்டும்தான்.

துண்டுகளைச் சேர்த்தால் ஒரு சதுரமாகும் படப்புதிர். நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று. அதே புதிரைப் பெரிதாக்கிச் செய்ய வேண்டும். நிபந்தனை: சின்னதில் 4 செ.மீ. இருக்கும் ஓரம் பெரியதில் 7 செ.மீ. இருக்க வேண்டும். ஆளுக்கொரு துண்டைத் தனியாகச் செய்து, கடைசியில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் யோசிக்காமல் ஒரே வழிக்குப் போகிறார்கள். 4 ஏழாக வேண்டும் என்றால் 3 கூட்ட வேண்டும். எல்லா ஓரத்திலும் 3 கூட்டுவோம். கவனமாக அளந்து, கோடு போட்டு, வெட்டுகிறார்கள். சேர்த்தால் பொருந்துவதில்லை. உடனே ‘நீ சரியா வெட்டலை’ என்று ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்குகிறார்கள். மறுபடி அளக்கிறார்கள். அளவு சரிதான். முறையையே சந்தேகிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

கணக்கைப் பார்த்தால் காரணம் தெளிவு. 6 செ.மீ. ஓரம் ஒன்று, 4 செ.மீ., 2 செ.மீ. ஓரங்கள் இரண்டோடு ஒட்டி நிற்கிறது என்று வையுங்கள். 3 கூட்டினால் 6 என்பது 9 ஆகும். எதிரே 4 ஏழாகி, 2 ஐந்தாகி, மொத்தம் 12. மூன்று செ.மீ. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இன்னும் சாமர்த்தியமான குழு, இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழிப்போம் என்று பார்க்கும், ஏனென்றால் 4 × 2 − 1 = 7. அப்போது 6 பதினொன்றாகும்; எதிரே 7-ம் 3-ம் சேர்ந்து 10. துருத்தல் குறைந்தாலும் பொருந்தாது. 4 ஏழானால் 8 எவ்வளவு என்று யாராவது கேட்கும்போது வழி திறக்கிறது. 8 பதினான்கு. அப்படியானால் 2 என்பது 3.5, 1 என்பது 1.75, 6 என்பது 10.5. எதிரே 7-ம் 3.5-ம் சேர்ந்து அதே 10.5. இப்போது பொருந்துகிறது.

தவறு என்று சொன்னது காகிதம். ஆசிரியர் சிவப்பு மையால் தப்பு போட்டிருந்தால், பிள்ளை அழித்துவிட்டு ‘வேற எதைச் செய்யணும் டீச்சர்?’ என்று கேட்டிருக்கும். காகிதத்திடம் அப்படிக் கேட்க முடியாது. 4-க்கு 8 என்று கொடுக்காமல் 7 என்று கொடுத்ததும் தற்செயலல்ல. 8 என்றால் எல்லோரும் இரட்டிப்பாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னத்துக்கும் தசமத்துக்கும் தேவையே வராது. ஒரு செயல்பாட்டில் எந்த எண்ணைப் போடுவது என்பதுதான் பாதிப் பாடம். நாம் அதை அவசரத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

நம் வகுப்புக்கு வரும்போது

தமிழ்நாட்டில் செயல்பாட்டுக்குப் பஞ்சமில்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, 2023-24-இல் நான்கு, ஐந்துக்கும் வந்துவிட்டது. கையேட்டிலும் அலமாரியிலும் விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தக் கணக்கு தெரியாத பிள்ளை இதில் தொடர்ந்து ஜெயிக்க முடியுமா?

வாய்ப்பாட்டு பிங்கோவில் முடியும், யார் கையில் எந்த அட்டை என்பது அதிர்ஷ்டம். அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். காரணி ஆட்டத்தில் முடியாது. 1 முதல் 30 வரை எழுதிவைத்து, ஒருவர் ஓர் எண்ணை எடுத்தால் அது அவருக்குப் புள்ளி. அந்த எண்ணைத் தவிர்த்து அதன் மற்ற காரணிகளில் மிச்சமிருப்பதெல்லாம் எதிராளிக்குப் புள்ளி. அடுத்து எதிராளியின் முறை. பெரிய எண்ணாக இருக்கிறதே என்று 24-ஐ முதலில் எடுத்த பிள்ளை, எதிராளிக்கு 1, 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு 36 புள்ளி போவதைப் பார்க்கும். 29-ஐ எடுத்தவள் 1 மட்டுமே இழப்பாள். ‘பகா எண் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு மனப்பாட விடை தேவைப்படாத அளவுக்கு இரண்டு நாளில் பகா எண் பிடித்துப்போய்விடும்.

இருபதுக்கு ஓட்டத்தை நம் வகுப்பில் நடத்துவதில் சிக்கல் நேரம்தான். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் மூன்று கட்டமும் அடங்காது. ஜோடி ஆட்டத்தையும் அணி ஆட்டத்தையும் ஒரு நாள், அறிவிப்பும் நிரூபணமும் மறுநாள் என்று பிரிப்பது நல்லது. இடையில் ஒரு இரவு கிடைப்பதில் லாபமும் உண்டு. வீட்டில் அண்ணனோடோ பாட்டியோடோ ஆடி, 11-ஐக் கண்டுபிடித்துக்கொண்டு வரும் பிள்ளை இருக்கும். வரிசை எண்ணைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுங்கள், நீங்களே ‘நீ வா’ என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் மறுபடி உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தலான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்த இன்னொரு விஷயமும் நமக்கு முக்கியம். ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தினால் அது கிழடு தட்டிப்போகிறது. பிள்ளைகள் புதியவர்கள்தான், ஆசிரியருக்குப் பழகிவிடுகிறது. போன ஆண்டு நன்றாக நடந்த வாக்கியத்தையும் வரிசையையும் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார், முடிவை நோக்கி அவசரப்படுத்துகிறார், பலன் குறைகிறது. ஆகவே இலக்கு எண்ணையும், ஒரு முறைக்கு எவ்வளவு கூட்டலாம் என்ற படியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். படி 1 அல்லது 2, இலக்கு 21 என்று வைத்தால் 3-ஆல் மீதியின்றிப் போகும். இரண்டாவது ஆடுபவர்தான் ஜெயிக்க முடியும். அதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் ‘நீ முதல்ல ஆடு’ என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கத் தொடங்குவார்கள். படி 1 முதல் 3 வரை, இலக்கு 20 என்றாலும் அதேதான்: 4, 8, 12, 16.

ஒரு வாரம் கழித்துத் தாளில் ஒரு கேள்வி கொடுங்கள். 365-க்கு ஓட்டம், ஒரு முறைக்கு 1 முதல் 9 வரை கூட்டலாம், முதலில் ஆடுபவர் என்ன சொல்ல வேண்டும், ஏன்? சுற்றுக்கு 10, மீதி 5, ஆகவே 5 என்று எழுதியவர்களுக்குப் பாடம் சேர்ந்துவிட்டது. விடை மட்டும் சரியாக இருந்து காரணம் இல்லாதவர்களை வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள், பலருக்குச் சொல்லத் தெரியும். 2 என்று எழுதிய சிலரும் இருப்பார்கள், போன தடவை 2-தானே சொன்னோம் என்ற நினைப்பில். அவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, பழைய படி 1 அல்லது 2-ஐயே வைத்துக்கொண்டு, இலக்கை மட்டும் 25 ஆக்கி ஆட விடுங்கள். அங்கே 2-இல் தொடங்கினால் எதிராளி 4, 7, 10 என்று பிடித்துக்கொண்டு போய்விடுவான். முதல் எண் 1 என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை வகுத்தல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.